காணைக்காரர் அடைத்த கடல்

என் வீட்டுக்காரர் திட்டுவதை நிறுத்தியபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அதுவரை அவர் திட்டாத ஒன்று இந்த விழுப்புரம் மாவட்டத்தில் கிடையாது. கரண்ட் வராவிட்டால் வரவில்லை என்று திட்டுவார், வந்துவிட்டால் அகாலத்தில் வந்ததற்காகத் திட்டுவார். கரும்பு வெட்ட உத்தரவு தராத ஆலையைத் திட்டுவார். உத்தரவு வந்த பிறகு வராமல் போன ஆட்களைத் திட்டுவார். நான் போடும் டீயைத் தினமும் திட்டிவிட்டு இரண்டாவது டம்ளர் கேட்பார். நான் திண்டிவனத்தில் புவியியல் டீச்சர், வீடும் அங்கேதான். அவருக்குக் காணைக்கும் திருவாமாத்தூருக்கும் நடுவில், பம்பையாற்றை ஒட்டிக் கரும்பு நிலம். விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போவார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு பேரையாவது திட்டி முடித்திருப்பார். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பது, அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

கார்த்திகைப் புயலில் பம்பை கரையை உடைத்துக்கொண்டு எங்கள் கரும்பின் மேல் போனது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். கரும்பு மொத்தமும் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. நிலம் முழுக்கச் சாண் உயரத்துக்கு ஆற்று மணல். அவர் ஒரு பிடி மணலை அள்ளினார், பார்த்தார், கீழே போட்டார். இப்போது ஆரம்பிப்பார், ஆற்றில் தொடங்கி ஆண்டவன்வரை ஒருவரையும் விடமாட்டார் என்று காத்திருந்தேன். "வா, போலாம்" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். விளம்பரத்தைக்கூடத் திட்டவில்லை. மார்கழியில் ஒருநாள் என் டீயைக் குடித்துவிட்டு "நல்லா கீது" என்றார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "மணல் விழுந்தா என்னாங்க? மல்லாட்டை போடுங்களேன். அது மணல்லதான நல்லா வரும்?" என்றேன்.

"கரும்பு போட்ட நெலத்துல மல்லாட்டையா? ஊர்ல சிரிப்பாங்க, டீச்சரம்மா" என்றார். அதையும் சாதுவாகத்தான் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் கரும்பு என்பது பயிர் மட்டுமல்ல, ஒரு கெத்து. கரும்புக்காரர் கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காருவார். கிணறும் மோட்டாரும் இல்லாத மேட்டு நிலத்துக்காரர்தான் வானத்தைப் பார்த்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுவார் என்பது கரும்புக்காரர்களின் எண்ணம். மல்லாட்டைக்கு என் வீட்டுக்காரர் ஒருநாளும் மரியாதை கொடுத்ததில்லை. வறுத்துக் கொடுத்தால் சட்டியைக் காலி செய்வார், அது வேறு விஷயம்.

தையில் ஒரு தரகர் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, அதிர்ந்து பேசாத குரல். மணல் விழுந்த நிலம் விவசாயத்துக்குத்தான் ஆகாது, வீட்டு மனைக்கு அதைவிட நல்லது வேறில்லை என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். எடுத்ததும் கிரயமா என்று நான் இழுக்க, பங்காளிகளைக் கேட்கவேண்டும் என்று ஒரு தவணை, பத்திரம் எடுக்கவேண்டும் என்று ஒரு தவணை, ஆடியில் யார் கிரயம் பண்ணுவார்கள் என்று ஒரு தவணை, கடைசியில் ஆவணியில் முடித்துவிடலாம் என்று பேச்சு நின்றது. மண்ணின் மேல் பாசம் என்று நான் பெரிதாக ஒன்றும் சொல்லவரவில்லை. நிலம் போய்விட்டால் இந்த மனிதர் டிவி முன்னாலேயே உட்கார்ந்து நல்லவராகவே மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாரோ என்ற பயம்தான் எனக்கு.

என் கதையில் கடல் வருவது இங்கேதான்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரிகுடா என்றால் என்ன என்று வருஷா வருஷம் சொல்லித்தருகிறேன். மூன்று பக்கம் நிலம், ஒரு பக்கம் கடல். அதைப் படித்துப் படித்து ஒப்பிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர், பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் கழுவெளியைப் பார்த்ததில்லை. மரக்காணத்துப் பக்கம் கடற்கரைக்குப் பின்னால் பரந்து கிடக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு அது. மழைக்காலத்தில் ஊர் ஏரித் தண்ணீரெல்லாம் அதில் வந்து சேரும். அங்கிருந்து கோணல்மாணலாக ஒரு ஓடை கடலுக்குப் போகும். கோடையில் அதே ஓடை வழியாகக் கடல் உள்ளே வரும். போக்குவரத்து இரண்டு பக்கமும் உண்டு.

அந்த ஓடைக்கரை பல வருஷமாக வேலிகாத்தான் முள்ளும் கைவிட்ட இறால் குட்டைகளுமாகக் கிடந்தது. அங்கிருக்கும் மீனவக் கிராமத்தார் முள்ளை வெட்டிவிட்டு, சேற்றில் மீன் முள் மாதிரி வாய்க்கால்கள் வெட்டி, அலையாத்திக் கன்று நட ஆரம்பித்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். கடல் ஏறும்போது தண்ணீர் ஒவ்வொரு முள்ளுக்குள்ளும் போகும், இறங்கும்போது திரும்பிவிடும். எங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு நான்தான் பொறுப்பு என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மாசியில் ஒரு ஞாயிறு, ஸ்கூட்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி அவரையும் பைக்கோடு கிளப்பினேன். அந்த ஸ்கூட்டியின் பிரேக் என் நாக்கைவிட நன்றாகப் பிடிக்கும்.

அங்கே வேலையைக் கவனித்துக்கொண்டவர் அந்தக் கிராமத்து அக்கா ஒருவர். ஆள் ஐந்தடிகூட இருக்கமாட்டார், குரல் பாண்டிச்சேரிவரை கேட்கும். என் வீட்டுக்காரர் கரையில் கைகட்டி நின்றதைப் பார்த்ததும் கன்று வைத்த கூடையை நீட்டினார்.

"இந்தாண்ணா, எறங்கி நடு."

அவர் இரண்டடி பின்னால் போனார். "நடவு பொம்பளைங்க வேலைங்க."

சேற்றில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்து பறந்தன. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. காணையில் நடவு நாளன்று பெண்கள் வயலில் இறங்குவார்கள். ஆம்பளை மம்பட்டியோடு வரப்பில்தான் நிற்பார். வரப்பின் பக்கத்தைச் செதுக்கி அண்டை கழிப்பார், எலி வளையை மிதிப்பார், எங்கே தண்ணீர் கசிந்தாலும் ஒரு வெட்டுச் சேற்றைப் போட்டுக் காலால் அமுக்குவார். நாற்றைத் தொட்டால் அவரைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள்.

"எங்கூர்ல ஆம்பள வலைகூட தைப்பான்" என்று சொல்லிவிட்டு அக்கா கூடையை என் தலையில் வைத்தார். "போய் அந்த மம்பட்டியவாச்சும் எடுத்துகினு சுத்தி வா, சும்மா குந்தாத."

மம்பட்டி கைக்கு வந்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. நான் முழங்கால் சேற்றில் நின்று கன்று ஊன்றிக்கொண்டே பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரை மேல் அங்கும் இங்கும் நடந்தார், குனிந்தார், வெட்டினார், மிதித்தார். அவர் நடையில் பழைய ஆள் தெரிந்தார். அன்றைக்கு மத்தியானம் எலுமிச்சம் சாதத்தையும் கருவாட்டையும் ஒரு வெட்டு வெட்டினார். வீட்டுக்கு வந்து டிவி போடாமல் தூங்கினார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் பொய் சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடலாம்போல இருந்தது.

பங்குனி வந்தது, பரீட்சை வந்தது. மேற்பார்வை, விடைத்தாள் என்று நான் மாட்டிக்கொண்டேன். அக்காவும் அந்த ஞாயிறு ராத்திரியே மகளின் பிரசவத்துக்குக் கடலூர் போய்விட்டார். சித்திரை பிறந்ததும்தான் நாங்கள் மறுபடியும் போனோம். அக்காவும் அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். தூரத்திலிருந்தே அவர் குரல் கேட்டது.

"எவன்டா இவன் கடலுக்குப் பூட்டு போட்டது?"

அடர்பச்சையாக இருக்கவேண்டிய கன்றுகள் மஞ்சளாக நின்றன. பல கன்றுகள் நிற்கவும் இல்லை. தண்ணீர் கொழகொழவென்று பாசி பிடித்து நின்றது. ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. மீன் முள்ளின் ஒவ்வொரு வாயிலும் சேற்றை வைத்து, அழகாக மிதித்து, வழித்து, ஒரு சொட்டு கசியாமல் அடைத்திருந்தது. அப்படி அடைக்க இந்த மாவட்டத்தில் ஒரு கைதான் உண்டு. அந்தக் கையை நான் திரும்பிப் பார்த்தேன்.

அவருக்கு இன்னும் விளங்கவில்லை. "நான்தாங்க அடைச்சேன்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "பூரா தண்ணியும் வெளிய ஓடிக்கினு இருந்திச்சு. நட்ட வயல்ல தண்ணிய நிறுத்த வாணாமா?"

கன்று நட்ட பெண்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "நாங்க பாத்தோங்க டீச்சர். ஒங்க வூட்டுக்காரராச்சே, நீங்க புக்குல படிச்சிட்டு சொல்லித்தான் அடைக்கிறாருன்னு வுட்டுட்டோம்."

கடலே இல்லாத ஊரில் பிறந்தவர் கடலை அடைத்ததும், டீச்சர் புருஷன் செய்தால் அது விஞ்ஞானமாகத்தான் இருக்கும் என்று ஒரு கிராமமே அதை நம்பியதும் எங்கள் பக்கம்தான் நடக்கும். அந்த நிமிஷத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நின்ற தண்ணீர் வெயிலில் சுண்டச் சுண்ட உப்பு ஏறும், வேருக்கு மூச்சு கிடைக்காது, அலையாத்திக்குத் தண்ணீர் வந்து வந்து போகவேண்டும் என்று பாடம் எடுப்பதுபோல அவரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. அதே மம்பட்டியை எடுத்து ஒவ்வொரு வாயாக வெட்டிவிட்டார். நாற்றமெடுத்த தண்ணீர் அவர் கால் வழியாக ஓடியது. அக்கா மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"போவட்டும், வுடு" என்றார் கடைசியில். "ஒனக்கு என்னா பேஜாரு? போற தண்ணி போவும். நாளைக்கு அதுவே வரும்."

திரும்பும் வழியில் பிரம்மதேசத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அவர் குடிக்கவே இல்லை.

"ஆவணிக்கு ஏன் காத்துகினு இருக்கணும்?" என்றார். "ஆனியிலயே கிரயத்த முடிச்சிடலாம். எங்கையி மண்ணுக்கு ஆவல. அங்க ஆறு வந்து அழிச்சிச்சு, இங்க நானே அழிச்சிட்டேன்."

மூன்று மாசம் நான் இழுத்த தவணையெல்லாம் ஒரு டம்ளர் டீயில் கரைந்தது. இவரை இங்கே அழைத்துவந்து நானே நிலத்தைத் தரகர் கையில் கொடுத்துவிட்டேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அடுத்த நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆளும் இல்லை, பைக்கும் இல்லை. போனை எடுக்கவில்லை. தரகர் வீட்டுக்குத்தான் போய்விட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் அலைச் சத்தம்.

"டீச்சரம்மா, வந்திச்சு!"

"என்னாங்க வந்துச்சு?"

"தண்ணி! நேத்து வெட்டிவுட்டோமே, அதே வாய் வழியா பூரா திரும்பி வந்திச்சு. மோட்டரு இல்ல, கரண்டு இல்ல, மொறை வெக்கல, யாரும் வாய்க்கா தகராறு பண்ணல. தானா வந்து நின்னுகினு கீது!"

புவியியல் டீச்சரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர், கடல் ஏறி இறங்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார். நிலா, பூமி, ஈர்ப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். அவர் கண்டுபிடித்ததை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிரயத்தைப் பற்றிய பேச்சை அவர் மறுபடி எடுக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வாரத்தில் நாலு நாள் கழுவெளிப் பக்கம் போனார். வாய்க்கால் வாய்களை அடைக்க அவர் தேவையில்லை, ஓடை கொண்டுவரும் வண்டலே அடைத்துவிடும் என்பதால், அடைவதை வெட்டிவிடும் வேலையை அக்கா அவரிடம் கொடுத்தார். பூட்டுப் போட்டவனே சாவியும் வைத்திரு என்று சொல்லித்தான் கொடுத்தார். கிராமத்தில் அவருக்குக் காணைக்காரர் என்று பேராகிவிட்டது. கன்றுகளில் ஏறக்குறையப் பாதி செத்தது. மற்றவற்றில் வைகாசி வெயிலிலும் உச்சியில் இரண்டு இரண்டாகப் பச்சை இலை வந்தது. அதைக் காட்ட என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார், கல்யாணமான புதிதில்கூட அப்படி இழுத்ததில்லை. குட்டி மடவை மீன்கள் வாய்க்காலுக்குள் ஓடின. தூரத்தில் நாலைந்து கூழைக்கடாக்கள் எங்களைக் கண்டுகொள்ளாமல் மிதந்தன.

செத்த கன்றுகளுக்குப் பதிலாகப் புதுசு நட ஆனியில் ஏற்பாடானது. அவர் இந்த முறை கூடையை வாங்கிக்கொண்டு தானே சேற்றில் இறங்கினார். நான் போட்டோ எடுக்கப் போனதற்கு, காணையில் யாருக்காவது அனுப்பினால் பார் என்று கண்ணாலேயே மிரட்டினார். அப்போதுதான் ஒரு சின்னத் தகராறு வந்தது. வாய்க்காலை ஒட்டி ஒரு மணல் மேடு உண்டு. வரிசை அங்கே வந்து நின்றுவிடுகிறதே, மேட்டிலும் நட்டால்தான் பார்வையாக இருக்கும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார்.

"மணல்ல இது நிக்காதுண்ணா" என்றார் அக்கா.

"நல்லா தண்ணி ஊத்துனா நிக்கும்."

"அதுக்கு சேறுதான் இஷ்டம். மணல்ல உமரி, கிமிரின்னு அதுவா வர்றது வரட்டுமே. நீ போட்ட கோடு அதுக்குத் தெரியுமா?"

அவர் கூடையோடு சேற்றுப் பக்கமே திரும்பிவிட்டார். வீடு திரும்பும்போது பிரம்மதேசத்தில் நிறுத்தி, அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கித் தின்றோம். அவர் ஒரு காயை உடைத்து, தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "உப்பு கம்மி" என்றார். பொட்டலத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

மூன்று நாள் கழித்து, சாப்பிடும்போது இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "டிராக்டர் வுட்டு மணலையும் அடிமண்ணையும் கலந்து, எருவு அடிச்சா, ஆடிப்பட்டத்துக்கு வருமா?"

எது என்று அவரும் சொல்லவில்லை, எது என்று நானும் கேட்கவில்லை. "வரும்ங்க" என்றேன்.

ஆடியில் மல்லாட்டை போட்டார். ஊர் சிரித்தது. கரும்புக்காரர் கடலைக்கொல்லைக்கு வந்துவிட்டார் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதாக அவரே வந்து என்னிடம் சொன்னார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. அதனால் எனக்குள்ளே இருந்த பயமும் முழுசாகப் போகவில்லை. தரகரிடமும் அவர் முடியாது என்று இன்னும் சொல்லவில்லை. காய் இறங்கட்டும், ஆவணியில் பார்க்கலாம் என்றுதான் சொல்லிவைத்திருந்தார். விளையாவிட்டால் விற்றுவிடுவார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆவணியில் செடி பூத்து, மண்ணுக்குள் காய் இறங்கும் நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடித்த மழை விடவில்லை. நானும் அவரோடு நிலத்துக்குப் போனேன். பாத்திகளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு வரப்பு தானாகவே உடைந்து தண்ணீர் வெளியே ஓடியது. நின்றிருந்த இடத்திலிருந்து அவர் பாய்ந்தார். வலது கால் தானாகத் தூக்கியது, பக்கத்துச் சேற்றை இழுத்து மிதித்து அடைக்க. எத்தனையோ வருஷம் அடைத்துப் பழகிய கால்.

அந்தக் கால் அப்படியே அந்தரத்தில் நின்றது.

நான் குடையோடு வரப்பில் நின்றிருந்தேன். மல்லாட்டைக்குத் தண்ணீர் நிற்கக்கூடாது, நின்றால் காய் அழுகிப்போகும் என்று நான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அவர் காலைக் கீழே வைத்தார். மம்பட்டியை எடுத்து, உடைப்பை இன்னும் பெரிதாக வெட்டினார். தண்ணீர் கலங்கிப் போய்க் கால்வாயில் விழுந்தது.

"போவட்டும்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தரகர் வந்தார், மழைக்கோட்டுக்குள் அதே வெள்ளைச் சட்டையோடு. நல்ல நாள் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்ல வாயெடுத்தார். என் வீட்டுக்காரர் அவர் சொல்வதைக் கேட்கவே இல்லை. பத்துப் பாத்தி தள்ளித் தண்ணீர் தேங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மம்பட்டியைத் தரகர் கையில் திணித்தார்.

"ஜல்தியா போய் அந்தக் கடைசி வரப்ப வெட்டி வுடுங்க. நான் இந்தாண்ட பாக்கறேன்."

தரகர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய், ஒரு கையால் மம்பட்டியைச் சேற்றில் குத்தினார்.

அப்போது கேட்டது அந்தப் பழைய குரல்.

"யோவ், மம்பட்டிய அப்படியா புடிப்பாங்க? இன்னாய்யா, கோயில் மணி அடிக்கிறியா? ரெண்டு கையால புடி! செடிய மிதிக்காத! இந்தக் கைய வெச்சிகினுதான் என் நெலத்த வாங்க வந்தியா? விக்கலய்யா, போ! வெட்டிட்டு போ!" அதே மூச்சில் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா கொடைய புடிச்சிகினு பொம்மையாட்டம் நின்னுகினு கீற? வந்து இந்த மடைய கையால தள்ளு! டீச்சராம் டீச்சரு!"

குடையை வரப்பில் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினேன். அவர் மழையையும் திட்ட ஆரம்பித்திருந்தார்.